நிற்க வேண்டிய நீரும் நிற்கக் கூடாத நீரும்

அரசர்கள் ஆண்ட கதையும் அவர்கள் பொருத போர்களின் கதையும் வரலாறு என்ற பெயரால் நமக்குப் பள்ளியில் பயிற்றுவிக்கப்பட்டன. மாந்தன் தான் குடியிருந்த வீட்டை எவ்வாறு உலர்வாகவும் தூய்மையாகவும் வைத்துக்கொண்டான் என்னும் கதையோ பெரும்பாலும் பாட ஏடுகளில் இடம் பெறுவதில்லை. அடுக்களைக் கழுவுதொட்டியின் அடியில் ஒழுகும் குழாயையும், பழையதாகிப் போய்ச் சுவரில் நீர் வடியவிடும் குளிர்சாதனப் பொறியையும் தரை நனைந்த பின்னர்தான் நாம் நினைக்கிறோம். அப்போதும் ஒரு வாளியை அடியில் வைத்துவிட்டு அமைதியடைவோரே மிகுதி.

ஆயினும் இவ்விரு பொருள்களுக்கும் சுவையான வரலாறு உண்டு; அதை அறிந்து வைப்பதால் பயனும் உண்டு. கழுவுதொட்டியின் வளைகுழாயில் சிறிதளவு நீர் எப்போதும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். குளிர்சாதனப் பொறியின் தட்டிலோ நீர் தங்கவே கூடாது. இவ்விதி மாறிய இடங்களில் தரை மட்டும் கெடவில்லை. மக்கள் உயிரும் பலியானதுண்டு. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு நோக்குவோம்.

அங்கணமும் சுருங்கையும்

கழிநீரை ஒழுங்காக வெளியேற்றும் கலை புதியதன்று. 1920ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மொகஞ்சதாரோ நகரில், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட செங்கல் வடிகால்கள் தெருவோரங்களில் ஓடுகின்றன. பெரும்பாலான வீடுகளில் குளியல் தளம் உண்டு. அதன் நீர் தெரு வடிகாலில் சென்று சேரும். நம் கருத்தைக் கவர வேண்டியது மற்றொன்று. அவ்வடிகால்களின் மேல் பரப்பிய செங்கற்களும் கற்பலகைகளும் பெயர்த்தெடுக்கத் தக்கனவாய் இருந்தன. இடையிடையே கசடு தங்கும் குழிகளும் இருந்தன. கட்டியவர்கள், அடைப்பு ஏற்படும் என்பதையும் அதனை ஒருவர் இறங்கித் தூய்மை செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எண்ணியிருந்தனர் என்பது இதனால் பெறப்படும்.

நம் மொழியும் இக்கலைக்குச் சொற்பஞ்சம் உடையதன்று. தூம்பு, சுருங்கை, அங்கணம், சாக்கடை என்பன பழகிய சொற்கள். மாளிகைகளிலிருந்து குளித்த நீர் மூடிய வழியாகச் சென்று நகர அகழியில் கலக்கும் காட்சியை மணிமேகலை கூறுகிறது. தகுதியற்றோர் அவையில் பேசும் அறிவுரை, அங்கணத்தில் கொட்டிய அமிழ்தம் போல் வீணாகும் என்று வள்ளுவர் அவையறிதல் அதிகாரத்தில் உவமை சொல்கிறார். அங்கணம் என்பதற்குத் தூய்மையற்ற முற்றம் என்று பரிமேலழகர் உரை கண்டார். வீட்டில் நீர் புழங்கிக் கழியும் இடத்தைக் குறிக்கவும் அச்சொல் வழங்கியது. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் பலர், மலாய் மொழியிலிருந்து பெற்று ‘லோங்காங்’ என்று பேசுகின்றனர். பெயர் எதுவாயினும், பழைய வடிகால்கள் அனைத்திற்கும் பொதுவான குறை ஒன்று இருந்தது. நீர் வெளியே செல்லும் வழியிலேயே நாற்றம் உள்ளே வரும்.

கடிகாரக்காரர் கண்ட வளைவு

இக்குறையைத் தீர்த்தவர் கட்டடக் கலைஞருமல்லர், மருத்துவருமல்லர். கடிகாரம் செய்பவர் ஒருவர். ஸ்காட்லாந்தில் பிறந்து இலண்டனில் தொழில் நடத்திய அலெக்சாண்டர் கம்மிங் என்பார், காற்றழுத்தத்தைப் பதிவு செய்யும் கடிகாரம் ஒன்றை 1765இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் செய்தளித்துப் புகழ் பெற்றவர். அவரே 1775ஆம் ஆண்டில், நீரூற்றிக் கழுவும் கழிப்பிடம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நீர்க் கழிப்பிடம் என்னும் கருத்து அவருக்கு முன்னரே இருந்தது; 1596இல் ஜான் ஹாரிங்டன் என்பவர் அதைப் பற்றி நூலே எழுதியிருந்தார். கம்மிங் சேர்த்தவற்றுள் சிறந்தது ஒரு வளைவு. கழிகலத்தின் கீழ்க் குழாயை ஆங்கில ‘எஸ்’ எழுத்தைப் போல் வளைத்தார்.

குழாய் வளைந்திருப்பதால், ஒவ்வொரு முறை நீர் பாயும்போதும் கடைசியாக வரும் சிறிது நீர் வளைவிலேயே தங்கிவிடுகிறது. அந்நீர் கதவைப் போல நின்று, கீழேயுள்ள கெட்ட காற்று மேலே வராமல் தடுக்கிறது. மேலிருந்து வரும் நீரோ அக்கதவைத் தள்ளிக்கொண்டு செல்கிறது. திருகில்லை, சுருளில்லை, திறந்து மூடும் தகடில்லை. நீரே பூட்டு, நீரே திறவுகோல். இன்று நம் கழுவுதொட்டியின் கீழுள்ள குழாயும் குளியலறைத் தரையிலுள்ள வடிகண்ணும் இந்த முறையிலேயே இயங்குகின்றன. குழாய்ப் பணியாளர்கள் அதனை ‘டிராப்’ என்பர்.

தவறான காரணம், சரியான செயல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் மக்கள் நாற்றமே நோய் என்று நம்பினர். 1854இல் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், காலரா பரவுவது குடிநீரால் என்று பிராட் தெரு நீரேற்றியைச் சான்று காட்டி விளக்கிய பின்னரும் அந்நம்பிக்கை எளிதில் மறையவில்லை. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பாராளுமன்றத்தையே திணற அடித்தது. அதன் விளைவாக ஜோசப் பசல்ஜெட் என்னும் பொறியாளர் தலைமையில் மாபெரும் நிலத்தடிச் சாக்கடைகள் எழுந்தன.

தெருச் சாக்கடை திருந்தியதும் அச்சம் வீட்டிற்குள் புகுந்தது. 1871இல் வேல்ஸ் இளவரசர் எட்வர்டு, ஸ்கார்பரோ நகரில் ஒரு மாளிகையில் விருந்தினராகத் தங்கித் திரும்பியபின் குடற்காய்ச்சலால் சாவின் வாயில் வரை சென்று பிழைத்தார். அவருடன் அங்குத் தங்கிய செஸ்டர்பீல்டு பிரபு இறந்தே போனார். மாளிகையின் சாக்கடைக் காற்றே காரணம் என்று நாடெங்கும் பேசப்பட்டது. செல்வர்கள் தம் வீட்டுக் குழாய்களைத் தோண்டிப் பார்க்கத் தொடங்கினர்.

இக்காலத்தில்தான் ஸ்டீவன்ஸ் ஹெல்லியர் என்ற குழாய்த் தொழிலறிஞர் 1877இல் வீட்டுச் சுகாதாரம் பற்றி நூல் வெளியிட்டார். அன்று பரவலாக வழங்கிய, ‘டி’ எழுத்து வடிவிலான அகன்ற நீர்த்தடுப்பை அவர் கடுமையாக எதிர்த்தார். மூலைகளில் அழுக்குத் தங்குகின்ற தடுப்பு நாற்றத்தைத் தடுக்காது. தானே நாற்றத்தை உண்டாக்கும். எனவே தடுப்பு சிறியதாகவும் உருண்டதாகவும் இருந்து, பாயும் நீராலேயே தன்னைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு குழாயில் வேகமாக இறங்கும் நீர் அடுத்த குழாயின் வளைவிலுள்ள நீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும் என்பதும் அக்காலத்தில் தெளிவாயிற்று. அதைத் தவிர்க்கவே காற்றுப்போக்குக் குழாய்கள் கூரை வரை உயர்த்தப்பட்டன.

குடற்காய்ச்சலைத் தருவது நாற்றமன்று, கிருமியே என்பது 1880ஆம் ஆண்டுகளில் உறுதியாயிற்று. அக்கிருமி உணவாலும் நீராலும் பரவுவது. ஆகவே இலண்டன் மக்கள் சொன்ன காரணம் தவறு. ஆனால் செய்த செயல் சரி. நீர்த்தடுப்பு உயிர்காக்கும் கருவிதான் என்பதை 2003ஆம் ஆண்டு வேறொரு வழியில் உலகுக்கு உணர்த்தியது. அதனைப் பின்னர்க் காண்போம்.

அச்சுக்கூடத்தில் பிறந்த பொறி

குளிர்சாதனப் பொறி மனிதர் வெம்மை தணிக்கப் பிறந்தது என்றே பலரும் கருதுவர். அது பிறந்தது காகிதத்துக்காக. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம் வண்ணப் படங்களை அச்சிட்டு வந்தது. வண்ணம் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிய வேண்டும். கோடையில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் இடம் மாறிப் பதிந்தன. இதற்குத் தீர்வு காணுமாறு பணிக்கப்பட்டவர் 25 வயதான வில்லிஸ் கேரியர் என்னும் பொறியாளர். 1902ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாளிட்ட அவரது வரைபடமே இன்றைய குளிர்சாதனத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

அவர் கண்ட வழி எளியது. பனிக்கட்டி இட்ட குவளையின் புறத்தே நீர்த்துளி அரும்புவதை நாம் அறிவோம். குளிர்ந்த காற்று மிகுந்த ஈரத்தைத் தாங்காது. மிஞ்சிய ஈரம் துளியாகிவிடும். அச்சகத்தின் காற்றைக் குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மேல் செலுத்தினால் அதன் ஈரம் சுருளில் படிந்து வடிந்துவிடும் என்று கணக்கிட்டார். குளிர்ச்சி கருவி, ஈரத்தை நீக்குவதே நோக்கம்.

பெயரைக் கொடுத்தவர் வேறொருவர். ஸ்டூவர்ட் கிரேமர் என்னும் பஞ்சாலைப் பொறியாளர், நூல் அறுந்து போகாதிருக்க ஆலைக் காற்றில் ஈரத்தைச் சேர்க்கும் முறையை வகுத்து, 1906இல் அதற்கு ‘ஏர் கண்டிஷனிங்’ என்று பெயரிட்டார். காற்றைப் பதப்படுத்துதல் என்பது அதன் பொருள். தமிழில் குளிர்சாதனம் என்ற சொல் நிலைத்துவிட்டது. அழகிய சொல்தான்; ஆனால் அது குளிரை மட்டும் சொல்கிறது, நீரைச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, பொறியிலிருந்து நீர் வடிந்தால் நாம் திடுக்கிடுகிறோம். நீர் வெளிவருவது பழுதன்று. அது பொறியின் வேலையே. வெளியே போக வேண்டிய நீர் அறைக்குள்ளே வடிவதுதான் பழுது.

சிங்கையும் மலாயாவும்

இவ்விரு கலைகளும் நம் நிலத்திற்கு வந்த கதை உழைப்பாளர் கதையாகும். 1825 முதல் இந்தியாவிலிருந்து சிங்கைக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகள் சதுப்பு நிலங்களைத் தூர்த்தனர். சாலைகளையும் கால்வாய்களையும் அமைத்தனர். 1890இல் கோலாலம்பூரில் சுகாதார வாரியம் அமைந்தது. இரு நகரங்களிலும் பின்னர் நகராட்சிப் பணிகளிலும் பொதுப்பணித் துறையிலும் தமிழ்த் தொழிலாளர் பெரும் எண்ணிக்கையில் அமர்த்தப்பட்டனர். தெருவைக் கூட்டியும் கால்வாயில் இறங்கியும் அவர்கள் காத்த தூய்மையின் மேல்தான் நகரங்கள் வளர்ந்தன.

1907இல் வெளியான பேராசிரியர் சிம்சனின் அறிக்கை, சிங்கைக் கடைவீடுகளில் காற்றும் வெளிச்சமும் இன்றி மக்கள் நெருங்கி வாழ்ந்ததை எடுத்துக்காட்டி, வீடுகளின் பின்புறம் சந்துகள் வெட்ட வேண்டும் என்று வற்புறுத்தியது. நீரோடும் கழிப்பிடம் எல்லார்க்கும் கிட்ட நெடுங்காலம் ஆயிற்று. வாளியில் மலம் அள்ளிச் செல்லும் முறை சிங்கையில் அடியோடு ஒழிந்தது 1987ஆம் ஆண்டில்தான். 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு, கம்மிங்கின் வளைகுழாய் அன்றுதான் அறிமுகமாயிற்று.

குளிர்சாதனம் வந்ததோ திரையரங்கின் வழி. 1939 அக்டோபரில் திறக்கப்பட்ட கேத்தே அரங்கு, பொதுமக்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக் குளிர்காற்றை நுகர்ந்த இடமாகும். பின்னாளில் திரு. லீ குவான் இயூ, தாம் பிரதமரானவுடன் செய்த முதற்பணிகளுள் ஒன்று அரசாங்க அலுவலகங்களில் குளிர்சாதனம் பொருத்தியது என்று நினைவுகூர்ந்தார். வெப்பமண்டல நாட்டின் உழைப்புத்திறனையே அப்பொறி மாற்றிவிட்டது என்பது அவர் கருத்து.

ஓர் உண்மையை மறக்கலாகாது. புரூக்ளினில் கோடையில் மட்டும் இருந்த ஈரம் இங்கு ஆண்டு முழுவதும் உள்ளது. இரவெல்லாம் இயங்கும் பொறி பல லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்கும். எனவே வடிகுழாய் அடைபடுமாயின் இந்நாட்டுச் சுவர் பிற நாட்டுச் சுவரினும் விரைவில் நனையும்.

இரண்டு துயரப் பாடங்கள்

1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் முன்னாள் போர்வீரர் மாநாடு ஒன்று ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. வந்தவர்கள் வீடு திரும்பியதும் கடுமையான நுரையீரற் காய்ச்சல் கண்டது. 221 பேர் நோயுற்றனர். 34 பேர் மாண்டனர். காரணமான பாக்டீரியாவை 1977 ஜனவரியில் ஜோசப் மெக்டேட் என்னும் ஆய்வாளர் கண்டறிந்தார். அதற்கு லெஜியோனெல்லா என்று பெயர் சூட்டினர். ஓட்டலின் குளிர்சாதன அமைப்பைச் சேர்ந்த நீர்க்கோபுரமே அதன் உறைவிடம் என்று கருதப்பட்டது. நம் வீட்டறைப் பொறிகளுக்கு இத்தகைய கோபுரம் இல்லை. எனினும் வெதுவெதுப்பான நீர் பேணுவாரின்றித் தேங்கினால் என்ன விளையும் என்பதை அந்நிகழ்ச்சி கற்பித்தது. சிங்கையில் வேறோர் எதிரியும் உண்டு. குளிர்சாதனத் தட்டில் தேங்கும் தெளிந்த நீர் ஏடிஸ் கொசு முட்டையிட ஏற்ற இடம். டெங்கிக் காய்ச்சலைப் பரப்புவது அக்கொசுவே. நோய்பரப்பும் பூச்சிகளை அழிக்கச் சிங்கை 1968இலேயே சட்டம் இயற்றியது.

இரண்டாவது பாடம் ஹாங்காங்கில் நிகழ்ந்தது. 2003 மார்ச்சில் சார்ஸ் நோய் பரவியபோது, கவ்லூனிலுள்ள அமோய் கார்டன்ஸ் என்னும் 33 மாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 42 பேர் உயிரிழந்தனர். ஒருவரை ஒருவர் கண்டும் அறியாதவர்கள், வெவ்வேறு மாடிகளில் வாழ்ந்தவர்கள், ஒரே காலத்தில் எவ்வாறு நோயுற்றனர்? ஆராய்ந்த சுகாதார அதிகாரிகள் குளியலறைத் தரையின் வடிகண்களைச் சுட்டினர். அங்குள்ள மக்கள் தரையில் நீரூற்றிக் கழுவாமல் துடைப்பமிட்டுத் துடைத்து வந்தனர். வடிகண்ணுக்கு நீர் செல்லவில்லை. வளைவில் இருந்த நீர் காய்ந்துவிட்டது. நோயாளி ஒருவர் பயன்படுத்திய கழிப்பிடத்தின் நுண்துளிகள் பொதுக் குழாயின் வழி ஏறி, காய்ந்த வளைவைக் கடந்து, காற்றுவெளியேற்றும் விசிறியின் இழுப்பால் பிற வீடுகளுக்குள் புகுந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. குழாய் ஒன்றிலிருந்த வெடிப்பும் துணைசெய்தது என்று கூறினர்.

தூய்மையில் குறைந்தவர்கள் அல்லர் அம்மக்கள். தரை உலர்ந்திருக்க வேண்டும் என்றே துடைத்தனர். அவர்களுக்கு யாரும் சொல்லித் தராதது ஒன்றே: வடிகண்ணுக்கும் நீர் வார்க்க வேண்டும் என்பது. அதன்பின் ஹாங்காங் அரசாங்கம், வாரம் ஒருமுறை ஒவ்வொரு வடிகண்ணிலும் அரை லிட்டர் நீர் ஊற்றுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது.

வாயுவின் கதை

பழைய குளிர்சாதனப் பொறியைப் பற்றிப் பேசும்போது அதன் வாயுவையும் பேச வேண்டும். தொடக்கத்தில் அம்மோனியா போன்ற நச்சு வாயுக்கள் பயன்பட்டன, கசிந்தால் ஆபத்து. 1928இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்க வேதியியலாரும் அவர் துணைவரும் நச்சும் தீயும் அற்ற புதிய வாயுவைக் கண்டனர். 1930இல் அறிஞர் அவை முன் மிட்ஜ்லி அதனை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். ‘பிரியான்’ என்று அது உலகெங்கும் பரவியது.

அவையில் இருந்தோர்க்குத் தீங்கிழைக்காத அவ்வாயு வானத்திற்குத் தீங்கிழைத்தது. 1974இல் மோலினா, ரோலண்ட் என்னும் இரு அறிஞர்கள், இவ்வகை வாயு மேலே சென்று ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எச்சரித்தனர். 1985இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் குன்றியமை அறிவிக்கப்பட்டது. 1987 செப்டம்பர் 16ஆம் நாள் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மாற்றாக வந்த வாயுக்களிலும் பல புவியைச் சூடாக்குவன என்பதால், 2016இல் கிகாலி நகரில் அவற்றையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் இசைந்தன.

இதில் வீட்டார் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பொறியின் வாயு, வண்டியின் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் வாயு நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். காசும் வீண், வானுக்கும் கேடு.

பேணுதலும் கல்வியே

இதுகாறும் கூறியவற்றால், கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் நிலைத்திருக்கின்றன, பேணியவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை என்பது விளங்கும். மொகஞ்சதாரோவின் செங்கல் மூடியைத் தூக்கியவர் யார்? சிங்கையின் கால்வாயில் இறங்கிய நம் பாட்டன்மார் யார் யார்? ஏடுகள் கூறா. ஆயினும் வளைகுழாயும் குளிர்பொறியும் பயன் தருவது, பேணும் கை உள்ளவரைதான்.

அப்பேணுதல் கடினமும் அன்று. கழுவுதொட்டியின் அடியில் ஒழுகினால், பெரும்பாலும் குழாய் மூட்டிலுள்ள ரப்பர் வளையமே இறுகிப் போயிருக்கும்; மிகக் குறைந்த விலையுள்ள புது வளையம் போதும். எஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் கொட்டலாகாது. குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். குளிர்சாதனத்தின் காற்று வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். தூசி அடைந்தால் சுருளில் பனிக்கட்டி படர்ந்து, உருகும்போது நீர் கொட்டும். வடிகுழாயில் படியும் வழுவழுப்பான பாசியைக் காலந்தோறும் நீக்க வேண்டும். குழாயைச் சுற்றிய உறை நைந்திருந்தால் மாற்ற வேண்டும். இன்றேல் குழாயின் வெளிப்புறமே வியர்த்துச் சுவரைக் கெடுக்கும். மின்தொடர்பும் வாயுவும் தொடர்பான வேலைகளைத் தேர்ந்த பணியாளரிடம் விட்டுவிடுதல் அறிவுடைமை.

பள்ளி விடுமுறை வருகிறது. குடும்பத்தோடு ஊருக்குச் செல்வோர் பலர். ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் வடிகண்ணின் நீர் காய்ந்துவிடும். புறப்படும் நாளில் ஒவ்வொரு வடிகண்ணிலும் அரை லிட்டர் நீர் ஊற்றி, அதன் மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் நீர் எளிதில் ஆவியாகாது. திரும்பி வந்ததும் முதல் வேலையாக மீண்டும் நீர் வார்க்க வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் இதனை மாணவர்க்குச் சொல்லும்போது, நீர் ஏன் அங்கே நிற்கிறது என்பதையும், அதை நிற்கச் செய்தவர் யார் என்பதையும், அது காய்ந்ததால் 2003இல் என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார்களாக. காரணம் அறிந்த பிள்ளை ஏவாமலே நீர் ஊற்றும்.